நீலக் கோடு போட்ட பாதையை விட்டு விலகுங்கள்: ஜப்பான் தீவுகளில் முதல்முறை சைக்கிள் பயணம் போகிறவர்களுக்கு

ஜப்பானின் பெருந்தீவான ஹொன்ஷுவுக்கும் அதன் தெற்கே இருக்கும் ஷிகொகுவுக்கும் நடுவில் செதோ உள்நாட்டுக் கடல் இருக்கிறது. ஹிரோஷிமா மாகாணத்தின் ஒனோமிச்சியிலிருந்து எஹிமே மாகாணத்தின் இமாபாரி வரை, இந்தக் கடலில் ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்துப் போகும் பாதைக்கு ஷிமானாமி கைதோ என்று பெயர். கடைசிப் பாலங்கள் 1999 மே மாதம் திறக்கப்பட்டன. கார்கள் போகும் விரைவுச்சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சைக்கிள் தடம் ஒவ்வொரு பாலத்திலிருந்தும் தீவுக்குள் இறங்கி, கரையோரமாகச் சுற்றி, அடுத்த பாலத்துக்கு ஏறுவதால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஜப்பானில் முதன்முதலாகச் சைக்கிளில் பயணம் போக நினைப்பவர்கள் இங்கிருந்து தொடங்குவதே நல்லது. சாலை நல்ல சாலை, கார் ஓட்டுபவர்கள் பொறுமைசாலிகள், பஞ்சர் ஒட்டவும் தண்ணீர் பிடிக்கவும் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

சாலையின் ஓரத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நீலக்கோடு வரைந்திருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தவற வாய்ப்பே இல்லை. அப்படியென்றால் வழிகாட்டியோடு போகும் குழுப் பயணத்துக்கு எதற்காகப் பணம் கொடுக்க வேண்டும்? பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். வழி காட்டுவதற்காக அல்ல. பெட்டியை அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, ஆங்கிலம் தெரியாத விடுதிக்காரரிடம் உங்கள் சாப்பாட்டைப் பேசி முடிக்க, நீலக்கோட்டை விட்டு எங்கே விலக வேண்டும் என்று சொல்ல. நீலக்கோடு இமாபாரிக்குப் போகச் சுலபமான வழி. தீவுகளில் பார்க்க வேண்டியவற்றில் பாதி அதன்மேல் இல்லை. பழகியவர்கள் முழுத் தூரத்தையும் ஒரே பகலில் ஓட்டிவிடுகிறார்கள். அப்படி ஓட்டினால் பாலங்களைப் பார்த்திருப்பீர்கள், தீவுகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள்.

முதலில் காலம்

மார்ச் பிற்பாதியிலிருந்து மே வரையிலும், அக்டோபர், நவம்பரிலும் போகலாம். ஜூனில் மழைக்காலம் தொடங்கி ஜூலை நடுவரை நீளும். அதன்பின் ஆகஸ்ட் முடியும்வரை, சென்னைக்காரர்களுக்கே புழுக்கம் என்று தோன்றும் வெயில். செப்டம்பரில் புயல் பயம் உண்டு. ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் 'பொன் வாரம்' என்று நாடே விடுமுறையில் ஊர் சுற்றக் கிளம்பும். தீவுகளில் விடுதிகள் குறைவு என்பதால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் காற்று கடிக்கும், ஆனால் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகள் பழுத்துக் குலுங்குவது அப்போதுதான். குளிர் தாங்குபவர்களுக்கு அதுவும் ஒரு கணக்கு.

பிறகு நிறுவனம்

விளம்பரத்தில் எல்லாப் பயணங்களும் ஒன்றுபோலத்தான் தெரியும். நாள்தோறும் 30 முதல் 60 கிலோமீட்டர், முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வேன், இரவில் தாதாமி பாய் விரித்த அறை. வேறுபாடு கேள்வி கேட்டால்தான் வெளியே வரும். பணம் கட்டும் முன் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வேன் நாள் முழுவதும் குழுவைத் தொடருமா, பெட்டியை மட்டும் இறக்கிவிட்டுப் போய்விடுமா? முட்டி வலித்தால் நடுவழியில் ஏறிக்கொள்ளலாமா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? மழை கொட்டினால் மாற்றுத் திட்டம் என்ன? தனியாக வருபவர் தனியறைக்கு எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும்?

நான் முதலில் கேட்கும் கேள்வி வேறு: வழியில் நான்காவதாக வரும் ஓமிஷிமா தீவில் இரவு தங்குகிறீர்களா? தங்குகிறோம் என்றால் அவசரமில்லாத திட்டம் என்று புரிந்துகொள்ளலாம். மூன்றாம் தீவிலிருந்து ஒரே மூச்சில் இமாபாரிக்கு ஓட்டிச் செல்லும் திட்டம் என்றால், அந்த வேலையை நீலக்கோடு இலவசமாகவே செய்யும்.

குழு வேண்டாம், செலவு அதிகம் என்பவர்கள் வாடகைச் சைக்கிளோடு தாமே போகலாம். ஒனோமிச்சி, இமாபாரி இரண்டிலும், இடையிலுள்ள தீவுகளிலும் வாடகை நிலையங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விடலாம். அப்படி விட்டால் முன்பணம் திரும்பி வராது. மின்விசை உதவியுள்ள சைக்கிளை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும், எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெட்டியைத் தக்குஹாய்பின் என்னும் கூரியர் சேவையில் விடுதியிலிருந்து விடுதிக்கு அனுப்பலாம். பொதுவாக மறுநாள் சேரும், ஆகவே ஓர் இரவுக்கான துணியை முதுகுப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசா, காப்பீடு

இந்தியக் கடவுச்சீட்டு, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். பயணத் திட்டத்தை நாள்வாரியாகக் கேட்பார்கள். குழுப் பயண நிறுவனம் தரும் அட்டவணை அதற்குக் கைகொடுக்கும். சிங்கப்பூர்க் குடிமக்கள் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலேயே போகலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் ஓட்டுவதால் வரும் காயமும், நீங்கள் பிறர்மேல் மோதினால் வரும் இழப்பீடும் அதில் அடங்குமா என்று பாருங்கள். இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானின் பல மாகாணங்களில் சைக்கிள் ஓட்டுபவருக்கு அத்தகைய காப்பீடு கட்டாயம். வாடகையோடு சேர்த்தே தருகிறார்களா என்று கேளுங்கள்.

உடம்பும் சைக்கிளும்

தொடர்ந்து இரண்டு நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் சீட்டில் உட்கார முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முடிந்தால் இந்தப் பயணத்துக்குப் போதும். தீவுகளின் கரையோரச் சாலை பெரும்பாலும் சமதளம். ஏற்றம் வருவது பாலங்களுக்குத்தான். கப்பல்கள் அடியில் போக வேண்டும் என்பதால் பாலங்கள் மிக உயரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சைக்கிளுக்கென்றே தனிச் சாய்தளம் மரங்களுக்கிடையே வளைந்து ஏறுகிறது. சரிவு ஏறத்தாழ 3 சதவீதம், நீளம் ஒரு கிலோமீட்டர் அளவு. நம் ஊர் மேம்பாலத்தின் ஏற்றம் முடியாமல் நீண்டுகொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படாமல் கியரைக் குறைத்து மிதித்தால் மூச்சு வாங்காது. ஐம்பது தாண்டியவர்கள், கணவன் மனைவியில் ஒருவர் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள் மின்விசை உதவியுள்ள சைக்கிளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

முன்பதிவில் உங்கள் உயரத்தைச் சென்டிமீட்டரில் கொடுங்கள். மெத்தை வைத்த கால்சட்டை இரண்டு, கையுறை, காற்றையும் தூறலையும் தாங்கும் மெல்லிய மேற்சட்டை, கண்ணாடி. பாலத்தின் மேல் பக்கக்காற்று சில்லென்று அடிக்கும், கீழே இறங்கியதும் வியர்க்கும். அதனால் தடித்த ஒரே உடையைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. சீட் உயரத்தை முதல் நாள் மாலையே வழிகாட்டியிடம் சொல்லிச் சரிசெய்து, தெருவில் நாலு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். காலையில் எல்லோரும் கிளம்பி நிற்கும்போது சொல்லக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் மாலையில் முட்டியில் தெரியும்.

சாலை விதிகள்

இடது பக்கம் ஓட்ட வேண்டும். நமக்கு இது பழக்கம். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருபவர்கள்தான் தடுமாறுவார்கள். வலது கை பிரேக் முன்சக்கரத்துக்கு என்பதும் நம் ஊர் வழக்கம்தான். ஆனால் பழக்கம் இங்கேயே நிற்கிறது. நடப்பவரை விலகச் சொல்லி மணியடிக்கக் கூடாது. இருவர் பக்கவாட்டில் பேசிக்கொண்டு ஓட்டக் கூடாது. நடைபாதையில் பலகை அனுமதித்தாலன்றி ஏறக் கூடாது. ஆளே இல்லாத தீவுச் சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்றாக வேண்டும். 2023 ஏப்ரல் முதல் எல்லா வயதினரும் ஹெல்மெட் அணிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அபராதம் இல்லை என்பதற்காகக் கழற்றி வைக்காதீர்கள்.

கைப்பேசியைக் கையில் பிடித்து ஓட்டுவதற்கான தண்டனை 2024 நவம்பரில் கடுமையானது. 2026 ஏப்ரலிலிருந்து 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள்காரர்களுக்கும் அபராதச் சீட்டு உண்டு, கைப்பேசிக்கு 12,000 யென். படம் எடுக்க வேண்டுமென்றால் ஓரமாக நிறுத்தி இறங்குங்கள். மதிய உணவோடு ஒரு கோப்பை பியர் குடித்துவிட்டு மிதிப்பதும் குற்றம்தான். சாக்கே என்னும் அரிசி மது, இரவில் தங்கும் விடுதியில் இருக்கட்டும்.

சாப்பாடு

சைவர்களுக்கு இந்தப் பயணத்தில் மிகக் கடினமான ஏற்றம் சாப்பாட்டு மேசையில்தான். மிசோ சூப், ஊடோன் என்னும் கோதுமை நூடுல்ஸ், வேகவைத்த காய்கறி என்று பார்ப்பதற்குச் சைவமாகத் தெரிவன பலவற்றிலும் 'தாஷி' என்னும் சாறு சேர்ந்திருக்கும். அது பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் காய்ச்சியது. "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் வெந்த காயைப் பரிவோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஏமாற்று வேலை இல்லை. அவர்கள் கணக்கில் சாறு மீன் அல்ல. ஆகவே இறைச்சி, மீன், கணவாய், இறால், மீன் தாஷி, முட்டை என்று உண்ணாதவற்றை ஒவ்வொன்றாக ஜப்பானியத்தில் எழுதிய அட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பயண நிறுவனத்திடம் அந்தப் பட்டியலைப் பதிவு செய்யும்போதே கொடுங்கள். தீவு விடுதிகளில் இரவுச் சாப்பாடு ஒரே வகை, எல்லோருக்கும் அன்று காலையில் வாங்கிய மீன். போய் இறங்கிய பிறகு சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் கிடைக்கும். கடற்பாசித் தாஷியில் சமைக்க முடியுமா என்று முன்கூட்டிக் கேட்டால் பல இடங்களில் செய்துதருவார்கள்.

பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகாதீர்கள். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். நீங்கள் போவதோ ஜப்பானிலேயே எலுமிச்சைக்குப் பேர்பெற்ற தீவுகளுக்கு. பழம், பச்சைக் காய், இறைச்சி கலந்த எதுவும் விமான நிலையச் சோதனையில் சிக்கும்.

அசைவர்களுக்குக் கவலையே இல்லை. ஒனோமிச்சியின் சோயா ராமென், சங்கரா மீனைப் போன்ற 'தாய்' என்னும் மீனைச் சேர்த்துச் சமைத்த சோறு, ஆக்டோபஸ். உடம்பு கேட்கும் அளவு சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறையாகப் பணம் வைத்திருங்கள், குறிப்பாக 100 யென் நாணயங்கள். சாலையோரத்தில் ஆளில்லாத பழக்கடைகள் இருக்கும். பையில் கட்டிய ஆரஞ்சு, பக்கத்தில் ஓர் உண்டியல். காசைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாள்வாரியாக

ஒனோமிச்சிக்கு ஒரு நாள் முன்பே வந்துவிடுங்கள். அதிவேக ரயிலில் ஃபுகுயாமாவில் இறங்கி, உள்ளூர் ரயிலுக்கு மாறினால் ஏறத்தாழ இருபது நிமிடம். ஊர் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. படிக்கட்டுத் தெருக்கள், கோயில்கள், பூனைகள். செங்கோஜி கோயில் வரை ஏறினால் மறுநாள் ஓட்டப்போகும் தீவு எதிரே தெரியும்.

முதல் நாள் படகோடு தொடங்குகிறது. முகாய்ஷிமாவுக்குப் பாலம் இருந்தாலும் அது குறுகல், வாகன நெரிசல். ஐந்து நிமிடத்தில் கடக்கும் படகில் சைக்கிளோடு ஏறிக்கொள்வதுதான் வழக்கம். அடுத்த இன்னோஷிமா பாலத்தில் கார்கள் மேலே ஓட, சைக்கிள்கள் அதற்குக் கீழேயுள்ள தளத்தில் கம்பிக் கூண்டுக்குள் போகும். இன்னோஷிமா, ஹஸ்ஸாக்கு என்னும் கசப்பு கலந்த பழம் பிறந்த தீவு. மூன்றாம் தீவான இகுச்சிஜிமாவின் செதோதாவில் தங்கினால் அன்றைய கணக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மதியத்துக்குள் போய்ச் சேருங்கள், செதோதாவுக்குப் பொழுது வேண்டும். கோசன்ஜி என்ற கோயிலை ஓர் இரும்புக்குழாய்த் தொழிலதிபர் தம் தாயின் நினைவாகக் கட்டினார். நாட்டின் புகழ்பெற்ற கட்டடங்களைப் பார்த்துப் பார்த்து எழுப்பிய மண்டபங்கள், பின்னால் வெள்ளைப் பளிங்கால் மூடிய ஒரு குன்று. அழகா, ஆடம்பரமா என்று வாதம் செய்ய நல்ல இடம். எலுமிச்சை ஐஸ்கிரீம் பற்றி மட்டும் வாதம் வேண்டியிருக்காது.

இரண்டாம் நாள் ததாரா பாலம். நடுத் தூண்களுக்கு இடையே 890 மீட்டர். 1999இல் திறந்தபோது கோபுரத்திலிருந்து நேராகச் சாய்ந்து இறங்கும் வடங்கள் தாங்கும் பாலங்களில் உலகிலேயே நீளமான இடைவெளி. கோபுரத்தடியில் தொங்கும் மரக்கட்டைகளைத் தட்டினால் ஓசை மேலே ஏறி அலையலையாகத் திரும்பும். எல்லோரும் தட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள். பாலத்தின் நடுவே மாகாண எல்லை. அதைத் தாண்டி ஓமிஷிமாவில் இறங்கியதும் நீலக்கோடு தெற்கே திரும்பி அடுத்த பாலத்தைத் தேடும். நீங்கள் திரும்பாதீர்கள். தீவைக் குறுக்கே கடந்து மேற்குக் கரைக்குப் போங்கள், சிறு மேடு ஒன்று உண்டு. அங்கே ஓயாமாசுமி ஆலயம். மலைக்கும் கடலுக்கும் போருக்கும் உரிய தெய்வம் என்பதால் வென்ற தளபதிகள் தம் கவசங்களையும் வாள்களையும் இங்கே காணிக்கையாகக் கொடுத்தார்கள். அவை இன்று பக்கத்துக் கண்காட்சிக் கூடத்தில் வரிசையாக இருக்கின்றன. முற்றத்தில் நிற்கும் கற்பூர மரத்துக்கு 2,600 வயது என்று சொல்கிறார்கள். வயதை விடுங்கள், அதன் அடிமரத்தைச் சுற்றிவரவே சிறிது நேரம் பிடிக்கும். அன்று இரவு இந்தத் தீவில்தான்.

விடுதியில் ஆறு மணிக்குள் இருங்கள். சாப்பாட்டு நேரம் உங்களுக்காகக் காத்திருக்காது. பொதுக் குளியலில் முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்க வேண்டும். உடை எதுவும் கூடாது, துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறைகள்தான். அதுவும் கூச்சம் என்பவர்களுக்குக் குடும்பக் குளியலறை கிடைக்குமா என்று வழிகாட்டி கேட்டுச் சொல்வார். மூன்று நாள் ஓட்டத்தில் கால்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, கூச்சத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள்.

மூன்றாம் நாள் கொஞ்சம் நீளம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஹகாதாஜிமா உப்புக்குப் பேர்போனது, அதை வேகமாகக் கடந்துவிடலாம். அதற்கும் ஓஷிமாவுக்கும் நடுவே நோஷிமா என்ற சின்னஞ்சிறு தீவு தெரியும். முராகாமி குலத்தின் ஒரு கிளை அங்கே கோட்டை கட்டி, போகும் வரும் கப்பல்களிடம் சுங்கம் வாங்கியது. கடற்கொள்ளையர் என்று ஒரு பக்கம், கடலின் காவலர் என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். தீவைச் சுற்றியோடும் நீரோட்டத்தின் வேகத்தைப் படகில் போய்ப் பார்க்கலாம்; நேரம் இருந்தால் கட்டாயம் போங்கள், முராகாமிகளின் பலம் என்னவென்று நீர்ச்சுழலைப் பார்த்தால்தான் புரியும்.

ஓஷிமாவில் கிரோசான் குன்று, 308 மீட்டர். உச்சிக்குள் புதைந்தாற்போன்ற பார்வை மேடையை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா. ஏற்றம் உண்மையிலேயே செங்குத்து. நான் வேனில் போகச் சொல்வேன். வீரம் காட்ட வேறு இடங்கள் இருக்கின்றன. மேலிருந்து குருஷிமா நீரிணையும் அதன்மேல் வரிசையாக நிற்கும் மூன்று தொங்கு பாலங்களும் தெரியும். அடுத்து ஓட்டப்போவது அதுதான், நான்கு கிலோமீட்டர், நிழலே இல்லை. ஏறும் முன் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். மறுகரை இறங்கினால் ஷிகொகு.

சைக்கிள்களுக்கான பாலக் கட்டணம் மொத்தம் 500 யென் அளவு. 2014 முதல் சலுகையாக அதை வாங்காமல் விட்டு, சலுகையைத் தவணை தவணையாக நீட்டித்து வருகிறார்கள். போகும் ஆண்டில் நிலவரம் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் உடம்பு முடியாவிட்டால் பதற வேண்டாம். செதோதாவிலிருந்து ஒனோமிச்சிக்கும் மிஹாராவுக்கும் சைக்கிளை ஏற்றும் படகுகள் உண்டு. அடிபட்டால் ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்

பெரும்பாலோர் இமாபாரியிலிருந்து ரயிலில் மத்சுயாமாவுக்குப் போய் தோகோ வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள். 1894இல் கட்டிய மரக் கட்டடம், நன்றாகவே இருக்கும், கூட்டமும் இருக்கும். எனக்குப் பிடித்தது வேறு. இமாபாரியிலிருந்து ஒகாமுரா என்ற சிறு தீவுக்குப் படகு பிடித்தால், அங்கிருந்து தீவு தீவாக ஹிரோஷிமா கரைக்கே திரும்பிப் போகும் இன்னொரு பாதை தொடங்குகிறது. பெயர் தொபிஷிமா கைதோ, ஏறத்தாழ 30 கிலோமீட்டர், ஏழு பாலங்கள், சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஷிமானாமியில் பார்த்த கூட்டத்தில் சிறுபங்குகூட இங்கே வராது. வழியில் மிதாராய் என்ற பழைய துறைமுகம். பாய்மரக் கப்பல்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் காத்துக் கிடந்த காலத்தில் செழித்த ஊர், இப்போது பாதுகாக்கப்பட்ட தெருக்களில் முதியவர்கள் வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். குழு நிறுவனம் இந்தப் பாதையையும் சேர்த்து ஐந்தாறு நாள் திட்டம் வைத்திருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

தனியாகப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். படகு நாளுக்குச் சில முறைதான், அட்டவணையை முந்தைய நாளே உறுதி செய்யுங்கள். கடைகளும் அரிது, மதியச் சோற்றை இமாபாரியிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியான அகிநாதா பாலத்தைக் கடந்ததும் நிகாதா ரயில் நிலையம். சொந்தச் சைக்கிள் என்றால் அதைக் கழற்றி உறையிலிட்டால்தான் ரயிலில் ஏற்ற விடுவார்கள், அந்த உறையை முதல் நாளே வாங்கி வைத்திருங்கள். ஹிரோஷிமா பக்கம் போகும் வண்டியில் இடது வரிசையில் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.